கோரைக்கு என்ன மருந்து

நீடாமங்கலம் கேட்டைப் போட்டுவிட்டால்
எங்கள் கடையில் கூட்டம்.
சரக்கு ரயில் கடக்கிறவரை
வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து
கல்லாவுக்கு எதிரே
பிடுங்கிய களையைச் சேறோடு போடுவார்கள்:
"இதுக்கு என்ன மருந்தும்மா?"

பெயர் சொல்லி, டப்பா எடுத்து,
ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று
பில்லின் முதுகில் எழுதிக் கொடுப்பேன்.
மருந்தோடு போய்விடுவார்கள்.
களையை யாரும் எடுத்துப்போவதில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது.

அலமாரி முழுக்கப் பாட்டில்கள்,
பூ வைக்கத் தகுந்தது ஒன்றுகூட இல்லை.
வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்:
சின்னவனின் இருமல் மருந்து பாட்டில்,
ஹோமியோபதிக் குப்பிகள் மூன்று,
மூடி தொலைந்த இங்க் புட்டி.

கோரையை விரலில் உருட்டினால்
மூன்று பட்டை தெரியும்.
சரித்து வெட்டி வைத்தால்
சொன்ன இடத்தில் நிற்கும்.
குதிரைவாலி சொன்னபடி கேளாது,
சாய்ந்துகொள்ள அதற்கு ஒரு விளிம்பு வேண்டும்.
காசித்தும்பை என் கொல்லையிலிருந்து.
கணுவில் தொட்டாலே ஒடியும்.
ஈரத்துணி சுற்றி
டிபன் பாக்ஸின் மேல் படுக்கவைத்து
கொரடாச்சேரி பஸ்ஸில்
நின்றுகொண்டே கொண்டுவர வேண்டும்.
குப்பிக்கு ஒரு பூ.
இரண்டு வைத்தால் சந்தைக்கடை.

நீர்மேல்நெருப்பு என்றொரு களை.
பெயர் வைத்த யாரோ
ஒருத்தி அதைக் கண்ணாடிக்குள் விட்டு
ஜன்னலோரம் வைப்பாள் என்று
நினைத்திருக்க மாட்டார்.
பதினோரு மணி வெயிலில்
தண்டின் சிவப்பு
தண்ணீருக்குள் இறங்கி நிற்கும்.
அந்த நேரம் பார்த்து யாராவது யூரியா கேட்பார்கள்.

முதலாளி வைரக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.
ஒருநாள் மின்விசிறியை மட்டும்
நாலிலிருந்து இரண்டுக்குத் திருப்பிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் மழை விட்ட நாள்
பூவனூர் பக்கிரிசாமி வந்தார்,
போன வாரம் கோரையை வீசியெறிந்து
அதன் ஏழு தலைமுறையைத் திட்டியவர்.
பில்லுக்குக் காத்திருக்கையில் குனிந்து பார்த்தார்.
பழுப்புக் கதிர் விரிந்திருந்தது,
அடியில் வெளிர் ரோஸில் ஒரு காசித்தும்பை.

"எந்த ஊர்ப் பூம்மா? மெட்ராஸா?"

"உங்க மேலப்பங்குல பிடுங்கினதுதான்."

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒரு விரலால் தண்டைத் தொட்டு
பட்டையைத் தேடினார்.
"அட களவாணி."
சொன்னது கோரையையா, என்னையா?

மருந்து வாங்காமல் போகவில்லை,
இரண்டு பாட்டில்.
நானும் விலையில் ஒன்றும் குறைக்கவில்லை.
கேட் திறந்தது, போனார்.

பாலத்தடியில் ஓடுகிற ஆற்றுக்குப் பெயரே
கோரையாறு.

சாயங்காலம் ஷட்டர் இறக்குமுன்
குப்பிகளில் தண்ணீர் மாற்றுவேன்.
பழைய தண்ணீரின் அடியில்
மிளகுத் தூள்போல் உதிர்ந்து கிடக்கும் விதைகள்.
எங்கே கொட்டுவதென்று
ஒரு நிமிடம் யோசிப்பதுண்டு.

பின்வாசல் வாய்க்காலில்தான் கொட்டுகிறேன்.
அது பூவனூர்ப் பக்கம் போகிறது.