பதினேழு–பதினான்கு

நோயாளியாக நடிக்க யார் வருகிறீர்கள்
என்று கேட்டார் ஸ்த்ராவ்கா.
நான்தான் எழுந்தேன். வேறு யார்?
ஒன்பதாம் வகுப்பில் என் முகத்துக்கு
ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: ரப்பர்.

வாயின் வலக்கோடியைக் கீழே இழுத்தேன்.
கண்ணைச் சொருகினேன். எச்சில்கூட விட்டேன்.
வகுப்பு உருண்டு புரண்டது.
ஆம்புலன்சில் பதினோரு வருடம் ஓடியவர்
சிரிக்காமல் பார்த்தார்.
"புருவத்தையும் தொங்கப்போட்டுவிட்டாய். தப்பு.
பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி பிழைத்துக்கொள்ளும்.
வாய்தான் சொன்ன பேச்சைக் கேட்காது."

அன்றிரவு குளியலறைக் கண்ணாடி முன்
அரைமணி நேரம் முயன்றேன்.
புருவம் ஏற வேண்டும், உதடு இறங்க வேண்டும்.
வரவில்லை.
பல் தேய்த்துப் படுத்துவிட்டேன்.

மார்ச். விதின் நகரத்தில்
டான்யூப் எங்கே என்று தெரியாத பனிமூட்டம்.
விளையாட்டரங்கில் ஒரேயொரு வெப்பக்குழாய் வேலை செய்தது.
மொந்தானா பள்ளியோடு மூன்றாவது செட்.
பதினேழு–பதினாறில் டைம் கேட்டார் இஸ்க்ரா,
எங்கள் வாலிபால் பயிற்சியாளர், வயது நாற்பத்தொன்று.
எங்களைச் சுற்றி நிறுத்தி
"ரலித்சா, வலைப்பக்கம் கரண்டி" என்றார்.

எல்லோரும் சிரித்தோம்.
அவரும் சிரித்தார். பாதி.

உன்னைப்போல நடிக்கிறாரடி என்று
ரலித்சா என் விலாவில் இடித்தாள்.
நான் நெற்றியைப் பார்த்தேன்.
இரண்டு புருவமும் சமமாக உயர்ந்திருந்தன.
எனக்கு வராத அந்த முகம்.

கைகளை நீட்டுங்கள் டீச்சர் என்றேன்.
எனக்கே மரியாதைக்குறைவாகக் கேட்டது.
இடக்கை நின்றது.
சர்வ் அடித்து அடித்துக் காய்த்த வலக்கை
ஈரத்துணிபோலத் தாழ்ந்தது.
நான் பேசுவது கேட்கிறதா?
எங்கள் நாட்டில் ஆம் என்பதற்குத் தலையை
இடவலமாக ஆட்டுவோம்.
ஆட்டினார். வாய் மட்டும்
கரண்டி, கரண்டி என்றது.

நூற்றுப் பன்னிரண்டை அழுத்தினேன்.
மெல்லப் பக்கவாட்டில் படுக்கவைத்தோம்.
தண்ணீரோடு ஓடிவந்த நடுவரின் கையைத்
தட்டிவிட்டேன்; பாட்டில் கோட்டைத் தாண்டி உருண்டது.
"விழுங்க முடியாது, கொடுக்காதீர்கள்!"
நடுவரிடம் கத்தியது அதுதான் முதல்முறை.

தொலைபேசியில் அந்தப் பெண் கேட்டாள்:
கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?
"பதினேழு–பதினான்கில்" என்றேன்.
"மணி கேட்கிறேன், கண்ணு."

சுவர்க்கடிகாரம் குளிர்காலம் முழுக்க
ஏழே காலில் நின்றுகிடந்தது.
மகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மொந்தானா அப்பா ஒருவர்
நடுங்கும் விரலால் பின்னே ஓட்டினார்.
அதோ, பதினேழு–பதினான்கு.
"பிளாக்! பிளாக்!" கண்ணாடிபோல் சுத்தமான குரல்.
மூலையில் சின்ன எழுத்தில்: நான்கு பத்தொன்பது.

அவர்கள் கொண்டுபோன பிறகு
ஆட்டத்தை யார் நிறுத்தினார்கள் என்று நினைவில்லை.
எதிரணிப் பெண்கள் எங்களோடு சேர்ந்து
வலையைச் சுருட்டினார்கள்.

ஊசிமருந்துக்கு நேரம் இருந்தது என்றார்கள்.
செப்டம்பரில் வந்தார்.
வலக்கால் ஒவ்வொரு படிக்கும் யோசிக்கிறது.
எல்லார் பெயரும் திரும்பிவிட்டது,
என்னுடையது மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிடுகிறது.
நெடுநேரம் பார்த்து, "ரப்பர்" என்கிறார்.
ஆசிரியர்களுக்கும் அது தெரிந்திருந்ததா?

ஸ்த்ராவ்கா மறுபடி வந்திருக்கிறார், புது ஒன்பதுக்கு.
நடிக்கக் கூப்பிட்டார்கள்.
முகம் வராது என்று சொல்லிவிட்டேன்.
பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்,
காவலாளியிடம் ஏணி கேட்டிருக்கிறேன்.