மார்லீனுக்குப் பயணக் குறிப்பு

மார்லீன்,
பீளமேட்டில் இறங்கியதும் யாரோடும் பேரம் வேண்டாம்.
கம்பெனி வண்டி வரும். டிரைவர் பொங்கியண்ணன்.
அட்டையில் ஒரு பேர் தப்பாக எழுதியிருக்கும்.
அதுதான் நீங்கள்.

அவினாசி வரைக்கும் ஏசி போடுவார்,
அப்புறம் டீசல் ஞாபகம் வந்து கண்ணாடியை இறக்குவார்.
இறக்கட்டும். இது ஆடி மாதம்.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்த காற்று
வழியெல்லாம் காற்றாடிகளைச் சுற்றிவிட்டு
உங்கள் ஸ்கார்ஃபைக் கேட்கும். கொடுக்காதீர்கள்.

பாட்டில் மூடி உடைகிற சத்தம் கேட்டால் மட்டும் குடியுங்கள்.
ரோடு தாண்டத் தெரியாவிட்டால்
ஷிப்ட் முடிந்து வரும் பெண்களோடு ஒட்டுக்காப் போய்விடுங்கள்.
அத்தனை பேருக்கு லாரி நின்றுதான் ஆகவேண்டும்.

மத்தியானச் சாப்பாடு எம்.டி. வீட்டில்.
மறுக்க முடியாது, நீங்கள் ஒறம்பரை.
அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய்.
போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும்.
இலைக்குக் குறுக்கே கை வைத்தால்தான்
போதும் என்பது போதும்.

பேச்சு:
"ஆச்சுங்க" என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை.
"பொழுதோட வாங்க" என்றால் சாயங்காலம், எந்நேரம் என்று கேட்கக் கூடாது.
"பார்க்கலாங்க" என்றால் இல்லை.
நாயை விரட்டினாலும் "போங்க" என்றுதான் விரட்டுவோம்.
அந்த ங்க-வில் வழுக்கி விழுந்துவிடாதீர்கள்.
நான் ஒன்பது வருடமாக
வழுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் ஆங்கிலத்தில் போகும்.
இனிமேல் எழுதுவது போகாது.

மார்லீன், திங்கட்கிழமை வராதீர்கள்.
அதற்காக ஞாயிறு முழுக்க வெள்ளையடிப்பார்கள்.
முதல் மாடியில் கட்டிங், இரண்டில் தையல்,
ஜன்னலெல்லாம் திறந்திருக்கும்,
முகக்கவசங்களில் பாக்கெட் மடிப்பு கலைந்திருக்காது.
லிஃப்ட் இரண்டோடு நின்றுவிடும்.
மேலே என்ன என்பீர்கள்.
"ஸ்டாக் ரூமுங்க" என்பார் மேனேஜர்.
அதை நான் மொழிபெயர்ப்பேன்,
சிரித்துக்கொண்டு, இலக்கணப் பிழையில்லாமல்.

ஸ்டாக்குக்கு இருமல் வருமா?
பத்தரை மணி டீக்கு மிஷின்கள் நிற்கும்போது
அசையாமல் நின்று கேளுங்கள்,
கூரை வழியாக இறங்கும்.
அதில் ஒருத்தி சுகுர்மணி முர்மு,
மயூர்பஞ்சிலிருந்து ரயிலேறி வந்தவள்.
பதினஞ்சு என்றாள்.
பதினெட்டு என்கிறது அவள் அட்டை,
என் கையெழுத்தில்.

வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருடம்.
இதையும் எழுதிவிட்டு அழித்தேன், எழுதினேன்.

ராத்திரி மடல் போனது.
பாட்டில் தண்ணீர், கொசு மருந்து, ஸ்கார்ஃப்,
வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்.
அதற்கும் கீழே, கையெழுத்துக்கு முன்னால்,
விரல் கொஞ்சம் நின்று ஒரு வரி சேர்த்தது:

ஹீல்ஸ் வேண்டாம்.
மொத்தம் மூன்று மாடி.
கடைசி மாடிக்குப் படி மட்டும்.