ஓட்டுநர் நீங்கலாக

இரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டில்
ஒரேயொரு சிவப்புப் பெருக்கல் குறி.
அருகே மனானா டீச்சரின் சாய்ந்த எழுத்து:
வீட்டில் யாராவது உதவவும்.

வீட்டில் யாராவது என்றால் நான்தான்.
எதெரி இந்நேரம் தெசலோனிகியில்
வேறு யாருடைய தாயையோ
குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.
நான் குத்தைசியில் மினிபஸ் ஓட்டுகிறேன்.
சந்தையில் எடுத்தால் ரியோனிப் பாலம் தாண்டி
மூடிக்கிடக்கும் தொழிற்சாலை வாசல் வரை,
நாளைக்கு ஒன்பது நடை.
தெரிந்ததெல்லாம் சில்லறைக் கணக்கு.
கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கும் கணக்கு
அவள் வயதில் எனக்கும் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் இந்தக் கதை
நான் தினமும் ஓட்டுகிற கதை:

மினிபஸ் ஒன்றில் பதினான்கு பயணிகள்.
முதல் நிறுத்தத்தில் ஆறு பேர் இறங்கினர்,
மூன்று பேர் ஏறினர்.
இப்போது மினிபஸ்ஸில் எத்தனை பேர்?

நுத்சா எழுதியிருந்தாள்: பன்னிரண்டு.

இதிலா கோட்டைவிட்டாய் என்று
தீப்பெட்டியைக் காலி செய்து அவள் முன் வைத்தேன்.
சூரியகாந்தி விதைகள் பயணிகள்.
பதினான்கை ஏற்றினாள்.
ஆறை இறக்கினாள்,
இறங்கிப் போனவர்கள்தானே என்று
இரண்டை உடைத்துத் தின்றாள்.
மூன்றை ஏற்றினாள்.
எண்ணு என்றேன்.
எண்ணினாள். பதினொன்று.
அப்புறம் எங்கிருந்து வந்தது பன்னிரண்டு?

டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தாள்.
தீப்பெட்டி தானாகவா ஓடும்?

அப்போதுதான் கண்ணில் பட்டது,
பெட்டியின் முன்விளிம்பை ஒட்டி
இரவுச் சமையலில் சிந்தியதென்று
நான் துடைக்கப் போன
ஒற்றைச் சிவப்புக் காராமணி.

வண்டிப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது:
இருக்கை பதினெட்டு, ஓட்டுநர் நீங்கலாக.
பதினேழு வருடமாக என் முதுகுக்குப் பின்னால்
விவாகரத்து பேசுகிறார்கள், கடன் பேசுகிறார்கள்,
ஒருத்தி தன் கர்ப்பத்தை முதன்முதலாக
என் காதுபடச் சொன்னாள் இன்னொருத்தியிடம்,
முன்னால் ஆளே இல்லாததுபோல.
இந்தப் பொடிசு என்னை எண்ணியிருக்கிறது.

தெசலோனிகிக்குப் போன் போட்டேன்.
பதினொன்று, எழுதிவிட்டுத் தூங்கச் சொல்
என்று வைத்துவிட்டாள் எதெரி.
இரண்டு நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.
கேள்வியை இன்னொரு தரம் படி.
மெதுவாக. சொல் சொல்லாக.
படித்தேன்.
முதல் வரியில் பயணிகள் என்கிறான்,
கடைசி வரியில் என்ன கேட்கிறான்?
எத்தனை பேர்.
அதுதான், என்றாள் எதெரி.
நீ பேர் இல்லையா?
பின்னாலிருந்து கிரேக்க மொழியில்
யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள்.

அன்றிரவு நான் எழுதியது,
பள்ளிவிட்ட பிறகு எழுதிய முதல் கடிதம்.
மதிப்பிற்குரிய டீச்சர், கேள்வியைத்
தயவுசெய்து மறுபடி ஒருமுறை படிக்கவும்.
இப்படிக்கு ஸ்வியாத்,
உங்கள் ஏழே முக்கால் நடையின் ஓட்டுநர்.
நோட்டுக்குள் மடித்து வைத்தேன்.

நோட்டு திரும்பி வந்தது.
சிவப்புக் குறி அப்படியே.
கடிதத்தைக் காணோம்.
நுத்சா அதற்குள் வேறொரு கணக்கில் இருந்தாள்:
ஏழு கோழி, மூன்று முயல், மொத்தம் எத்தனை கால்?
முயலுக்கு முன்கால் உண்டா கையா என்பது
அவளுக்கும் எனக்கும் அன்றைய தகராறு.

மறுநாள் ஏழே முக்கால்.
மனானா டீச்சர் வழக்கமான ஜன்னலோரம்,
வழக்கம்போல மடியில் திருத்தும் நோட்டுகள்.
ஒன்றும் பேசவில்லை, நானும் திரும்பவில்லை.
பள்ளி நிறுத்தத்தில் இறங்கினார்.
காசைத் தட்டில் போடாமல்
என் கையில் கொடுத்தார்.

என் வண்டியில் ஒரு பலகை உண்டு,
ஒருவரும் படிக்காத பலகை:
கதவை ஓங்கிச் சாத்தாதீர்.

சாத்திய சத்தமே கேட்கவில்லை.
சாத்தினாரா என்று திரும்பிப் பார்த்தபடி
கிளட்சில் கால் வைத்தவன் வைத்தபடி இருந்தேன்.

என்னப்பா, கிளம்பலையா
என்றது பின் இருக்கை.