எம் ஃபார் மணலி

இரவு பதினொன்றே முக்காலுக்கு
மஸ்கட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ்:
"ஜெபா, அந்த ஃப்ளைட் போயிடுச்சு.
கதவு சாத்தறத கண்ணால பாத்தேன்.
கவுண்டர்ல ஆளே இல்ல.
நாலு பர்சன்ட்தான் சார்ஜ் கீது, நீ பேசு."

பேசினேன்.
முதலில் ஓர் இயந்திரத்தோடு.
தமிழுக்கு மூன்றை அழுத்தினேன்,
அது இந்தியில் மன்னிப்புக் கேட்டது.
பிறகு புல்லாங்குழல்.
முப்பத்தாறு நிமிடம் ஒரே புல்லாங்குழல்.
நடுநடுவே, என் அழைப்பு முக்கியமானது என்று
யாரோ ஒருத்தி சத்தியம் செய்தாள்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே அவளை இடுக்கிக்கொண்டு
அடிபம்பில் இரண்டு குடம் பிடித்தேன்.
அவருக்கென்று வாங்கிய வஞ்சிரம், நாலு துண்டு,
நூர்ஜஹான் வீட்டு ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.
இன்னும் ஒரு நாள் இடம் கேட்க வேண்டும்.

"வணக்கம் மேடம், நான் ரியா."
ஆங்கிலத்தில் ஏறித் தமிழில் இறங்கினாள்,
பஸ் நிற்பதற்கு முன்னால் குதிப்பவள் போல.
"புக்கிங் நம்பர் சொல்லுங்க."

ஆறு எழுத்து.
எதற்கு எது என்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
"கே... கே ஃபார் காசிமேடு.
டி ஃபார் தண்டையார்பேட்டை.
ஆர் ஃபார் ராயபுரம்.
ஏழு.
ஓ ஃபார் ஓட்டேரி.
இ ஃபார் எண்ணூர்."
அந்தப் பக்கம் சின்ன மௌனம்.
"சரி மேடம். எண்ணூர்."

"இது ரெண்டு தனித்தனி டிக்கெட் மேடம்."
மண்ணடி ஏஜென்ட் மூவாயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தபோது
அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தவள் நான்.
"முதல் விமானம் லேட்டானதுக்கு
ரெண்டாவது பொறுப்பு ஆகாது.
சிஸ்டத்துல சார் வரல.
நோ ஷோ."

வரல.
தோஹாவில் மூன்று மணி நேரம்
பெல்ட் போட்டபடி ஓடுபாதையில் உட்கார்ந்திருந்தவர்,
மஸ்கட்டில் ஷூ லேஸ் அவிழ ஓடியவர்
வரல.
இரண்டு வருஷத்துக்குப் பத்து நாள் லீவு.
அதில் ஒன்று கண்ணாடிக் கதவில் நசுங்கிக்கொண்டிருந்தது.
"இன்னாம்மா பேசற" என்பது
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போதுதான்
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி ஊதியது.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
அரை நொடி கழித்து
போனுக்குள்ளும் ஊதியது.

அதே நீளம்.
முடிவில் அதே இருமல்.

நான் பேசவில்லை.
அவளும் பேசவில்லை.
உரையாடல் பதிவு செய்யப்படும் என்று
புல்லாங்குழல்காரி சொல்லியிருந்தாள்.
எங்கள் இருவருக்கும் நடுவிலோ
இருவரையும் ஒரே பக்கம் விட்டோ
வேகன் வேகனாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஹோல்டுல போடல மேடம்,
அப்படியே இருங்க."
ஒரு ஃபேன் கரகரத்தது.
யாரோ தூக்கத்தில் புரண்டார்கள்.
இன்னொரு போனில், தணிந்த குரலில்,
"ரெண்டுமே நம்ம விமானம்தான் சார்.
லேட்டாக்கினது நாமதான் சார்.
இல்ல சார், நாமதான்."

பிறகு என்னிடம்:
"காலைல ஆறு இருபது. சீட் இருக்கு, பைசா வேணாம்.
சாப்பாட்டுக் கூப்பன் ஒன்பதாவது கவுண்டர்ல.
புது நம்பர் எழுதிக்கோங்க.
வி ஃபார் வியாசர்பாடி.
நாலு. ரெண்டு.
டி ஃபார் டோல்கேட்.
எட்டு.
எம் ஃபார் மூல..."
நிறுத்தினாள்.
ஊருக்கு வருகிறவன் டிக்கெட்டில்
சுடுகாட்டை எழுதுவார்களா.
"எம் ஃபார் மணலி மேடம். மணலி."

எழுதிட்டேன் என்றேன்.
"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"
உன் பக்கம் கேட் திறந்தாச்சா என்று
கேட்க நினைத்தேன்.
"இல்லம்மா. படு" என்றேன்.
அவளுக்கு ஷிஃப்ட் ஆறு மணிவரை இருக்கலாம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது.
ஐந்து போட்டேன்.
அவருக்கு அனுப்பினேன்:
ஒன்பதாவது கவுண்டர். மொதல்ல துன்னு.
ஒற்றை டிக்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அங்கே எங்கேயாவது ஒரு சுவரில்
அவர் ஒரு பிளக் கண்டுபிடிக்கும்வரை.