போத் சைட்

மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை மாடி.
மூன்று மணி பேட்ச்.
பதினோரு பேர், ஒன்பது நாற்காலி.

‘உன்னைப் பற்றிச் சொல்’ என்கிறார் வினோபா சார்.
அவருக்கும் எனக்கும் நாலு வயதுதான் வித்தியாசம்.
ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணியது
எழுந்து நின்றதும்
கால் வழியே இறங்கிப் போய்விடுகிறது.

தமிழில் யோசிக்கிறேன்.
வினைச்சொல் கடைசியில்தானே வரும்,
கரைவலையின் மடி மாதிரி;
கயிறு முழுக்க இழுத்த பிறகுதான்
என்ன விழுந்ததென்று தெரியும்.
இவர்களுக்கு மடி முதலில் வேண்டும்.
நான் கயிற்றில் தொங்கும்போதே
சார் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அப்பா பிடிப்பதை
என்னால் சொல்லக்கூட முடியவில்லை.
பிஷ். பிஸ்ஸு. விஷ்.
கீழுதட்டைப் பல்லால் தொடு, ஊது என்றார்.
ஊதினேன்,
எதிரே நூருல் ஐன் நோட்டில் எச்சில்.
துடைத்துவிட்டு, ‘தூறல்’ என்றாள்.
மாடியே சிரித்தது.
நோட்டில் ஃ போட்டு வைத்திருக்கிறேன்:
மூன்று மிதப்பு மட்டும் தெரிகிறது,
வலையைக் காணோம்.

அவளுக்கு அந்தக் கஷ்டமில்லை.
சின்ன வயதிலிருந்து ஓதிய வாய்,
ஃ-வும் இஸட்டும் தண்ணீர் பட்ட பாடு.
ஆனால் யாராவது முகத்தைப் பார்த்தால் போதும்,
ஊமை.
படிக்கட்டில் என்னிடம் மட்டும்
மளமளவென்று பேசுவாள்,
எனக்குப் பாதி புரியாது.

இன்றைக்கு ஊசி ஒன்று, குப்பைத்தொட்டி ஒன்று.
தமிழில் எழுதிப் பார்த்தால்
இரண்டும் பின்.
எது எது என்று பத்துத் தடவை கேட்டார்,
பத்தும் தப்பு.

ஐந்தே கால் பஸ்ஸில் கண்டக்டரிடம்
‘பாம்பன் ஒண்ணு’ என்றேன்.
சட்டென்று நின்றது நாக்கு.
பாம்பன். பாம்பன்.
முதல் ப ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி.
இருபது வருஷமாக இரண்டும்
வாய்க்குள்ளேயே குடியிருந்திருக்கின்றன,
வாடகைகூடக் கேட்காமல்.

பக்கத்தில் வடக்கத்திக்காரர் ஒருவர்,
மடியில் தீர்த்தத்துக்குக் காலிக் கேன்.
‘சீ... விச் சைட்?’
அவருக்கும் தேடித்தான் வந்தது.
‘போத் சைட்’ என்றேன்.
பயப்பட நேரமில்லை,
பஸ் பாலம் ஏறிவிட்டது.
போனை எந்தப் பக்கம் நீட்டுவதென்று தெரியாமல்
கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சிரித்தார்.

ஸ்டாப்பில் இறங்கும்போதுதான் உறைத்தது:
சைட்ஸ்.
அந்த ஸ் காற்றில்
பாலத்துக்கு அடியில் எங்கோ விழுந்திருக்கும்.
கிடக்கட்டும்.

நாளைக்கு மறுபடியும் மீன்.