இரண்டு மரக்கால் ஓட்ஸ்

தட்டும் விதத்திலேயே தெரிந்துவிடும்.
பிரசவத்துக்கு உள்ளங்கையால் தட்டுவார்கள்,
ஓயாமல்.
சாவுக்கு விரல்முட்டியால், ஒரே தரம்.
இன்று உள்ளங்கை.

சேணத்தின் வார் பனியில் விறைத்துப்
பலகையாய்க் கிடக்கிறது.
சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்து
அதை இளக்குகிறேன்.
எடின்பரோவில் இரண்டு குளிர்காலம் படித்தேன்;
காய்ச்சலின் பதினாறு வகைகள்
லத்தீனில் மனப்பாடம்.
வாரை இளக்கும் வழியை
எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.
குதிரை பெயிலிக்கு ஒரு கண்தான்.
இருட்டில் எங்கள் இருவருக்கும்
அது போதும்.

யூஃபன் ஷியல்ஸ் வீட்டை அடைவதற்குள்
பிள்ளை பிறந்து, துடைத்து, பெயரும் வைத்தாயிற்று.
மருத்துவச்சி பெத்தியா
ஒரு குவளை ஏல் நீட்டினாள்:
"இதற்காவது சரியான நேரத்துக்கு வந்தீர்களே, டாக்டர்."
கூரை முழுக்கப் பீட் கட்டிப் புகை.
குழந்தை அழுததா, இருமியதா
தெரியவில்லை.
கூலியாக ஒரு பெட்டைக்கோழி.
காலைக் கட்டிச் சேணத்தில் தொங்கவிட்டார்கள்.
வழியெல்லாம் அது என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

பாதிரியாருக்குக் கட்டைவிரல் வாதம்.
எட்டு அவுன்ஸ் ரத்தம் எடுக்கச் சொன்னார்,
எடுத்தேன்.
கிண்ணத்தைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்:
நல்ல உடம்புக்குள் நோயை வைப்பது
கடவுளின் கையைத் தட்டிவிடுவது போல.
போன ஞாயிறு பிரசங்கத்திலும் அதுதான்.
கட்டுப் போட்டுவிட்டுச் சொன்னேன்,
இரண்டு நாளைக்கு ஒயின் வேண்டாம்.
அதையும் கடவுளிடம் கேட்டுக்கொள்வார்.

கொல்லனுக்கு ஒரு கடைவாய்ப் பல்.
பட்டறைக்கல்லைக் கட்டிக்கொண்டு
பச்சைப் பிள்ளையாய் அழுதான்.
பணம் தரவில்லை.
பெயிலிக்கு லாடம் அடித்துக் கொடுத்தான்,
மூன்று காலுக்கு.
நான்காவது அடுத்த பல்லுக்காம்.

பிறகு பாதை பிரியும் இடம் வந்தது.
ஆற்றோரம் போனால் கிட்டத்து வழி;
ஹிஸ்லொப்பின் வாசலைத் தாண்டவேண்டும்.
மார்ச்சிலிருந்து நான்
மேட்டு வழியாகவே போய்வருகிறேன்.

மார்ச்சில் ஆறு பிள்ளைகள்.
மேல்கையில் சிறு கீறல்,
அதற்குள் வைசூரிச் சீழில் தோய்ந்த நூல்,
மேலே துணிக்கட்டு.
ஐந்து பேருக்குப் பத்துப் பதினைந்து கொப்புளம்,
மூன்றாம் வாரம் சரிவில் உருண்டு விளையாடினார்கள்.
ஐம்பதில் ஒன்று தவறும் என்று
எனக்குக் கற்பித்திருந்தார்கள்.
எடின்பரோவில் அது ஓர் எண்.
இங்கே அதற்குக் கிரிசல் என்று பெயர்,
நான்கு வயது,
முன்பல்லில் ஒரு சந்து.

மேட்டு வழியிலும் இன்று
கில்பர்ட் ஹிஸ்லொப் நின்றிருந்தான்.
காலடியில் ஒரு சாக்கு.
"அறுப்பு முடிந்ததும் தருவதாகச் சொன்னேனே.
இரண்டு மரக்கால்."
வேண்டாம் என்றேன்.
குரல் வரவில்லை; தலையை ஆட்டினேன்.
அவன் சாக்கைத் தூக்கிச்
சேணத்தின் மறுபக்கம் கட்டினான்,
கோழிக்கு எடை சரியாகும்படி.
முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தான்.

பின்பு, குதிரையின் கழுத்தைப் பார்த்து:
"ஆற்றுக்கு அந்தப்புறம் மூன்று வீட்டில்
வந்துவிட்டது, தெரியுமா?"
தெரியும்.
"எனக்குச் சின்னவன் இருக்கிறான்.
நூல் மிச்சம் இருக்கிறதா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
தலையசைத்துச் சரிவில் இறங்கினான்.
வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

இப்போது இரவு.
கொழுப்பு மெழுகுவர்த்தி நாறுகிறது.
கணக்கேட்டில் எழுதியாயிற்று:
ஷியல்ஸ், கோழி ஒன்று.
பாதிரியார், பாக்கி.
கொல்லன், முக்கால்.
அடுத்த வரிக்குப் பெயர் எழுதிவிட்டேன்.
எதற்கு என்ற கட்டத்தில்
மை காய்கிறது.

கோழி என் தொப்பிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
மேசை இழுப்பறையில் மூக்குப்பொடி டப்பி,
அதற்குள் பொடி இல்லை.
மூடியைத் திறந்து பார்த்தேன்.
இருக்கிறது, ஒரு விரற்கடை நீளம்.

கொட்டிலில் பெயிலி
ஹிஸ்லொப்பின் ஓட்ஸை அரைக்கும் சத்தம்
சுவர் வழியே கேட்கிறது.
நல்ல ஓட்ஸ்தான்.
கல் இல்லை, பதர் இல்லை,
புடைத்துத்தான் கொடுத்திருக்கிறான்.