வானுக்கு மட்டும்

கஸ்தூரியார் வீதியில் கடையைப் பூட்டி
விரலில் ஒட்டிய போன் கண்ணாடித் தூளை ஊதிவிட்டு
கோண்டாவிலுக்கு வந்து சேர ஒன்பதே முக்கால்.
புட்டு ஆறிக் கிடக்கும்.
தட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஹெலியை ஸ்டார்ட் பண்ணுவேன்.
விசிறி சுத்தி வேகமெடுக்க முக்கால் நிமிசம்.
அதற்குள் இரண்டு வாய்.

மற்றவர்கள் டாங்கி உடைக்கிற ராக்கெட்டை
நிரைநிரையாகக் கொழுவுவார்கள்.
நான் கொழுவுவது நாலே நாலு.
வானிலிருந்து வானுக்கு.

அதற்கொரு குணம் உண்டு. சூட்டைத் தேடும்.
சூரியன் பக்கம் மூக்கைத் திருப்பினால்
சூரியன்தான் எதிரி என்று நம்பிச் சிணுங்கும்.
நாலு கிலோமீற்றருக்கு அங்கால் குருடு.
முகத்துக்கு நேரே வருகிற ஜெட்
அதற்கு வெறும் குளிர்ந்த தகரம்.
முதுகைக் காட்டவேணும்.

ஆகவே நான் மலைக்குப் பின்னால், மர உயரத்தில்,
ஆடாமல் நிற்பேன்.
ஜெட் வந்து குண்டைக் கொட்டும்,
கொட்டிய பாரம் குறைந்து மேலேறும்,
பின்வாய் சிவந்து எரியும்.
ஹெட்செற்றில் முதலில் ஒரு நுளம்பு,
பிறகு கொதிக்கிற கேத்தில்,
பிறகு முறியாத ஒரே கோடு.
அப்போதும் விடக்கூடாது.
அவன் தீப்பொறி உதிர்த்தால்
பூந்திரி கண்ட பிள்ளை மாதிரி
ஏவுகணை அங்காலே ஓடிவிடும்.
ஒன்றை விடு. பொறி கொட்டட்டும்.
நாலு எண்ணு.
இரண்டாவதை விடு.

இந்தக் கணக்கு எனக்குச் சுலபமாக வந்தது.
எட்டு வயதில்
சகடை வேறு, பொம்பர் வேறு, ஹெலி வேறு என்று
பாடப் புத்தகத்துக்கு முன்னமே காது படித்திருந்தது.
ஹெலிக்குப் பங்கர் தேவையில்லை,
அது சுத்தச் சுத்த
பனையை நாங்களும் சுத்தினால் போதும் என்பார்
பக்கத்து வீட்டு அருமைத்துரை.
சில நாள் அது சரி.

முதல் தரம் வெப்பக் கண்ணாடியைப் போட்டபோது
கையில் புட்டு அப்படியே நின்றது.
மரமெல்லாம் கறுப்பு.
மரத்துக்குப் பின்னால் நிறுத்திய வண்டி,
இஞ்சின் அணைத்து ஒளித்து வைத்தது,
பால் வெள்ளை.

இந்த விளையாட்டில் ஆட்கள் இல்லை.
கிணறு உண்டு, வேலி உண்டு,
கொடியில் காயப்போட்ட துணி உண்டு.
ஒலிபெருக்கியில் யாரோ முந்தின நாளே வந்து
எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார்கள் போல.
ஒருமுறை சண்டையை விட்டுவிட்டு
ஊர்மனைகளுக்கு மேலே தாழப் பறந்து பார்த்தேன்.
ஒரு நாய்கூட இல்லை.

தினேத் மாத்தறையில் இருக்கிறான்.
முகம் தெரியாது. டாங்கி ஓட்டுவான்.
ஆங்கில எழுத்தில் சிங்களமும்
சிங்களத்துக்குள் ‘மச்சான்’ என்றும் எழுதுவான்.
அவனுடைய வானத்தை நான் பார்த்துக்கொள்வேன்.
மேலே ஒன்றும் வராது என்று தெரிந்தால்
அவன் பயமில்லாமல் போவான்,
அது எனக்குப் பிடிக்கும்.

நேற்று இரவு
அவன் வண்டி சங்கிலி அறுந்து நின்றது.
முன்னால் எதிரி டாங்கி,
ஒரு சிவப்பு ஓட்டு வீட்டின் சுவரோடு ஒட்டியபடி.
என் நாலும் முடிந்திருந்தது.
மூக்கில் துவக்கு இருந்தது.
டாங்கியின் முதுகுத் தகடு மெல்லியது,
மேலேயிருந்து மூன்று செக்கன் அடித்தால் போதும்.
மச்சான், கீழே, என்று எழுதினான்.
மச்சான்.
கொடியில் துணி
என் விசிறிக் காத்துக்கு அசைந்தது,
அல்லது அப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள்.
நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோற்ற பிறகு கேட்டான், ஏன் என்று.
வெடி முடிஞ்சுது, என்று எழுதினேன்.
திரையின் மூலையில்
இருநூற்று நாற்பது என்று இருந்தது.
அது அவனுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தால்
அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது, அவனிடமிருந்துதான்.
எழும்பிப் போய்க் கை கழுவினேன்.
வந்திருந்து
நாலு கொழுவினேன்.